கடல்கோள்: இலக்கிய நினைவும் நிலவியல் விளக்கமும்



முருகப் பெருமான் திருச்செந்தூரில் கடலிலும், திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும், திருப்போரூரில் வானிலும் நின்று அசுரரை வென்றான் என்பது மரபு. சிதம்பர சுவாமிகள் 726 பாடல்களில் சந்நிதி முறை பாடிப் போற்றிய தலம் இது. கடல், நிலம், வான் ஆகிய மூன்றையும் போர்க்களமாகக் கண்ட இம்மரபின் ஊரில், நிலமும் கடலும் ஒன்றோடொன்று பொருதும் இயற்கைப் போரைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. அறிவியல் செய்திக்கு இலக்கிய மேடையில் இடமுண்டா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். கடல்கோள் என்ற சொல்லைத் தன் இலக்கிய வரலாற்றின் வாயிலிலேயே வைத்திருக்கும் ஒரு மொழியின் கவிஞர்கள், அச்சொல்லின் பொருளை முழுதும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே அதற்கு விடை.

மூன்று வினாக்கள் ஈண்டு ஆராயத்தக்கன. உலகின் எரிமலைகளும் நிலநடுக்கங்களும் பெருங்கடலின் விளிம்புகளில் திரண்டிருப்பது ஏன்? அவ்வாறாயின், கடலோரத்தில் அமைந்த மாமல்லபுரத்துக் கரையில் எரிமலை இல்லாதது ஏன்? எரிமலையற்ற இக்கரைக்கு 2004ஆம் ஆண்டில் அழிவு எங்கிருந்து வந்தது? இம்மூன்றுக்கும் விடை கண்டபின், நம் இலக்கியம் போற்றிவைத்த கடல்கோள் நினைவுகளை எவ்வாறு கொள்ளுவது என்ற நான்காம் வினா தானே எழும்.

நெருப்பு வளையம்

பசிபிக் பெருங்கடலின் படத்தை விரித்து, அதில் எரிமலைகளை ஒவ்வொரு புள்ளியாகக் குறித்தால் குதிரை லாடம் போன்ற ஒரு வடிவம் கிடைக்கும். நியூசிலாந்தில் தொடங்கி, இந்தோனேசியாவின் கிழக்குப் பகுதி, பிலிப்பைன்ஸ், ஜப்பான், அலாஸ்கா வழியாகச் சென்று, அமெரிக்கக் கண்டங்களின் மேற்குக் கரையோரமாகச் சிலி நாடு வரை அது நீளும். ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் நீளமுள்ள இதனை நெருப்பு வளையம் என்பர். உலகின் உயிர்ப்புள்ள எரிமலைகளுள் நான்கில் மூன்று பங்கு இவ்வளையத்தில் உள்ளன. நிலநடுக்கங்களில் மிகப் பெரும்பகுதியும் இங்கேயே நிகழ்கின்றன. கருவிகளால் அளக்கப்பட்டவற்றுள் மிகப் பெரியதான 1960ஆம் ஆண்டின் சிலி நிலநடுக்கம் (அளவு 9.5), 1964இன் அலாஸ்கா நிலநடுக்கம் (9.2), 2011இல் ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கம் ஆகிய மூன்றும் இவ்வளையத்தில் தோன்றியவையே.

இதற்குக் காரணம் புவியின் மேலோடு ஒரே துண்டாக இல்லாமையே. பெரியனவும் சிறியனவுமாகப் பல தட்டுகளாக அது பிளவுண்டு கிடக்கிறது. ஒவ்வொரு தட்டும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவில் நகர்கிறது. கைவிரல் நகம் வளரும் வேகம் என்று இதனை ஒப்பிடுவர். கடலடித் தட்டு கருங்கல்லினும் கனமான எரிமலைப் பாறையால் ஆனது. கடலின் நடுவிலுள்ள மலைத்தொடர்களில் புதிதாகப் பிறந்து, பக்கவாட்டில் நகர நகர அது குளிர்கிறது. குளிரக் குளிர அதன் கனம் மிகுகிறது. கண்டத் தட்டோ இலேசான பாறைகளால் ஆயது. இவ்விரண்டும் எதிரெதிரே சந்திக்குமிடத்தில் கனமானது இலேசானதன் அடியில் புகுந்து, புவியின் உட்பகுதிக்குள் சரிந்து செல்கிறது. அவ்வாறு புகுமிடத்தில் கடலின் தரை ஆழ்ந்த அகழியாகிறது.

இச்சரிவுதான் நடுக்கத்துக்கும் நெருப்புக்கும் ஒருசேரத் தாயாகிறது. முதலில் நடுக்கத்தைக் காண்போம். இரு தட்டுகளும் வழுக்கிக்கொண்டு செல்வதில்லை. அவை உராய்ந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. கீழ்த்தட்டு சென்றுகொண்டே இருப்பதால், மேல்தட்டின் விளிம்பு வளைந்து அதனோடு கீழே இழுபடுகிறது. வில்லை வளைப்பது போன்ற இவ்விழுப்பு நூற்றாண்டுக் கணக்கில் நிகழும். பாறையின் பிடி தாங்காத நாளில் பற்று விடுபட்டு, மேல்தட்டு சில நிமிடங்களில் துள்ளி நிமிரும். அதுவே பெருநிலநடுக்கம். நிமிரும் தரையின் மேல் கிலோமீட்டர் கணக்கில் கடல்நீர் நிற்குமாயின், அந்நீர்த்தூண் முழுவதும் உயர்த்தப்பட்டு ஆழிப்பேரலையாகப் பரவும்.

இனி நெருப்பு. கீழே செல்லும் கடலடித் தட்டு தன் பாறைகளுக்குள்ளும் படிவுகளுக்குள்ளும் நீரைச் சுமந்து செல்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் அந்நீரைப் பிழிந்து மேலே அனுப்புகின்றன. மேலேயுள்ள பாறை முன்பே கடுஞ்சூட்டில் இருப்பது. எனினும் அழுத்தத்தால் உருகாமல் திண்மையாக நிற்பது. நீர் புகுந்ததும் அதன் உருகுநிலை தாழ்கிறது. பாறை உருகிக் குழம்பாகிறது. இலேசாகி மேலெழுந்து எரிமலையாக வெடிக்கிறது. நெருப்பை மூட்டுவது நீர் என்ற முரண் கவிஞரின் கற்பனைக்கு உரியது போலத் தோன்றினும், இது மெய்யான நிகழ்வு. எரிமலைகள் அகழியின் மேலேயே நில்லாமல், அதனின்றும் உள்நோக்கி நூறு முதல் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி அதற்கு இணையாக வரிசையிட்டு நிற்பதற்கும் இதுவே காரணம்.

வங்கக் கடலின் மறுகரை

நெருப்பு வளையம் பசிபிக்கிற்கு உரியது என்றாலும், அதே வகையான விளிம்பு ஒன்று வங்கக் கடலின் கீழ்க்கரையிலும் உண்டு. மியன்மார்க் கரையிலிருந்து அந்தமான், நிக்கோபார்த் தீவுகளின் மேற்குப் புறமாக இறங்கி, சுமத்ராவையும் சாவகத்தையும் அணைத்துச் செல்லும் சுந்தா அகழியே அது. சாவகத்துக்குத் தெற்கே அதன் ஆழம் 7,000 மீட்டரைத் தாண்டும். அங்கே இந்தியத் தட்டின் கடலடிப் பகுதி கிழக்கு நோக்கிச் சரிந்து செல்கிறது.

அகழிக்கு அப்பால் எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாரன் தீவு இந்தியாவின் உயிர்ப்புள்ள எரிமலை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உறங்கிக் கிடந்து, 1991இல் விழித்தது. 2005ஆம் ஆண்டிலும் அதன்பின்னும் நெருப்பைக் கக்கியது. சுமத்ராவுக்கும் சாவகத்துக்கும் இடைப்பட்ட கிரக்கத்தோவா 1883 ஆகஸ்டு 27ஆம் நாள் வெடித்தபோது 36,000 பேருக்கு மேல் மாண்டனர். அதன் ஒலி ஏறத்தாழ 4,800 கிலோமீட்டருக்கு அப்பால், மொரிசியசுக்கு அருகிலுள்ள ரோட்ரிக்ஸ் தீவில் பீரங்கி முழக்கம் போலக் கேட்டது. சுமத்ராவின் தோபா ஏரி, ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த ஒரு மாபெரும் எரிமலையின் வாய். அதன் சாம்பல் ஆந்திர மாநிலத்தின் சுவாலாபுரத்தில் மண்ணடுக்குகளுக்கிடையே இன்றும் காணக்கிடக்கிறது.

இவ்விளிம்பு தமிழர்க்கு அயலான இடமன்று. முதலாம் இராசேந்திர சோழனின் கலங்கள் 1025ஆம் ஆண்டளவில் கடாரம் நோக்கிச் சென்ற கடற்பரப்பு இதுவே. அவன் மெய்க்கீர்த்தி கூறும் மாநக்கவாரம் இன்றைய நிக்கோபார். இலாமுரிதேசம் என்பது சுமத்ராவின் வடமுனையான ஆச்சேப் பகுதி என்பர் வரலாற்றறிஞர். 2004ஆம் ஆண்டின் பேரழிவில் மிகுதியும் சிதைந்தவை இவ்விரு நிலங்களே. மெய்க்கீர்த்தியில் வெற்றிப் பெயர்களாக நிற்பவை, புவியின் தட்டு ஒன்று மற்றொன்றின் அடியில் அமிழும் எல்லைக்கோட்டின் பெயர்களாகவும் அமைந்திருத்தல் எண்ணத்தக்கது.

நம் கரையின் அமைதி

மாமல்லபுரமும் கடலின் விளிம்பே. ஆயினும் அது தட்டின் விளிம்பு அன்று. கடலின் ஓரம் வேறு, தட்டின் ஓரம் வேறு என்ற இவ்வேறுபாட்டை உணராவிடில் முழு விளக்கமும் பிழைபடும். சோழமண்டலக் கரையும் அதனை அடுத்த வங்கக் கடலின் தரையும் ஒரே தட்டின் பகுதிகள்; ஒரே தெப்பத்தில் ஏற்றிய இரு பொருள்கள் போல அவை ஒன்றாகவே நகர்கின்றன. ஒன்றன் அடியில் மற்றொன்று புகுவதில்லை. ஆதலின் அகழியும் இல்லை, எரிமலையும் இல்லை. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலம் அண்டார்டிகாவினின்றும் பிரிந்தபோது உண்டான பழைய முறிவே இக்கரை. அம்முறிவு ஆறி அடங்கி நெடுங்காலம் ஆயிற்று. அட்லாண்டிக் பெருங்கடலின் இருபுறக் கரைகளும் பெரும்பாலும் இவ்வாறே அமைதியாய் உள்ளன.

இக்கரையின் பாறை மிகத் தொன்மையானது. பல்லாவரத்துக் கருங்கல் வகைக்குச் சார்னோக்கைட்டு என்று பெயர். கல்கத்தாவில் சாப் சார்னாக் என்பாரின் கல்லறை மீது இக்கல் இருந்தமையால், தாமஸ் ஆலந்து என்ற நிலவியலார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பெயரை இட்டார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடைய இத்தகைய பாறைகள் சென்னைக்கும் செங்கற்பட்டுக்கும் அடித்தளமாக உள்ளன. பல்லவச் சிற்பியர் உளி தொட்ட குன்றுகள் இப்பழம்பாறைக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

தட்டின் நடுவில் இருத்தல் நடுக்கத்தினின்றும் முழு விடுதலை தருவதன்று. விளிம்பில் செலுத்தப்படும் அழுத்தம் உள்நிலத்தின் பழைய பிளவுகளையும் எப்போதாவது அசைக்கும். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியும், 2001 செப்டம்பர் 25ஆம் நாள் புதுச்சேரிக்கு அப்பாலுள்ள கடலடியும் அதிர்ந்தன. 1993இல் மராட்டியத்து லாத்தூர்ப் பகுதி ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களை இழந்தது. விளிம்பில் அடிக்கடியும் உள்நிலத்தில் அரிதாகவும் நிகழ்வது என்பதே வேறுபாடு.

மார்கழிப் பௌர்ணமி நாள்

2004 டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரம் காலை 6.29 மணிக்குச் சுமத்ராவின் வடமேற்கே கடலடியில் பற்று விடுபட்டது. பிளவு வடக்கு நோக்கி ஓடி, எட்டு முதல் பத்து நிமிடங்களுள் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீண்டு அந்தமானை எட்டிற்று. அளவு 9.1க்கும் 9.3க்கும் இடைப்பட்டது என்பது கணக்கு. நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை ஏறத்தாழ 4 மீட்டர் தாழ்ந்தது. அங்குள்ள கலங்கரை விளக்கின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது.

ஆழ்கடலில் பேரலையின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. மூவாயிரம், நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 600 முதல் 700 கிலோமீட்டர் செல்லும். அங்கே அதன் உயரம் மிகக் குறைவு. கலத்தில் இருப்போர் உணரார். கரையை நெருங்கி ஆழம் குறைய வேகம் குறைகிறது. பின்னே வரும் நீர் முன்னதன் மேல் ஏற, அலை உயர்கிறது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அது சென்னைக் கரையை அடைந்தது. பதினான்கு நாடுகளில் ஏறத்தாழ 2,27,000 பேர் மாண்டனர். தமிழகத்தில் மாண்டோர் ஏறத்தாழ எண்ணாயிரவர். அவருள் ஏறத்தாழ ஆறாயிரவர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர்.

அந்த இரண்டரை மணி நேரமே இவ்வுரையின் மையம். அதிகாலையில் சென்னையில் இலேசான அதிர்வை உணர்ந்தோர் பலர். எனினும் அதிர்வுக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பை எவரும் கரைக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லுவதற்கு அமைப்பு இல்லை. கேட்டவுடன் புரிந்துகொள்ளுவதற்கு மக்கள் நாவில் ஒரு சொல்லும் இல்லை. நேர்ந்தபின் வழங்கிய சுனாமி என்ற சொல்லும் ஜப்பானியரிடம் பெற்றது.

மணல் விலகியபோது

மாமல்லபுரத்தில் கடல் பின்வாங்கியபோது வரிசையாகக் கற்கள் தெரிந்ததாகக் கண்டோர் கூறினர். அலை மணலை வாரிச் சென்றபின், அதுவரை மறைந்திருந்த பல்லவச் சிற்பங்கள் சில வெளிப்பட்டன. அதற்கு முன்பே, 2002இல் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் இங்கிலாந்து நாட்டுக் குழுவினரோடு சேர்ந்து நீரடியில் கட்டடச் சிதைவுகளைக் கண்டிருந்தனர். 2005இல் தொல்லியல் துறையினர் கடற்படையின் துணையோடு ஆய்வைத் தொடர்ந்தனர்.

திருப்போரூர் அன்பர்க்கு இதனினும் நெருக்கமான செய்தி சாளுவன்குப்பத்தில் கிடைத்தது. புலிக்குகைக்கு அருகில் அலையால் வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டு, திருவிழிச்சில் என்னும் ஊரின் சுப்பிரமணியர் கோயிலைக் குறிப்பிட்டது. அதனைப் பற்றிச் சென்று தோண்டியபோது ஒரு முருகன் கோயில் கிடைத்தது. அடியில் சங்க காலத்தது எனக் கொள்ளப்படும் செங்கல் தளம்; அதன் மேல் பல்லவர் காலக் கருங்கற் பணி; கல்லால் ஆன வேல் ஒன்றும் அங்கு நின்றது. செங்கற் கோயில் புயலாலோ பேரலையாலோ அழிந்திருக்கலாம் என்றும், பின்னர் எழுந்த கற்கோயிலும் கடலால் வீழ்ந்திருக்கலாம் என்றும் அகழ்ந்தோர் கருதினர். அழிந்த இடத்திலேயே மீண்டும் கட்டினர் என்பது அந்த அடுக்குகள் கூறும் செய்தி. கடல்கோளைக் கண்ட மக்கள் கரையை விட்டு அகலவில்லை. கரையில் வாழ்வோர்க்கு அகன்று போக இடமும் இல்லை.

இலக்கியத்தின் கடல்கோள்

பஃறுளி ஆற்றையும் குமரி மலையையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. பாண்டியன் நிலத்தைக் கடல் வவ்வியதைக் கலித்தொகை நினைவுகூர்கிறது. இறையனார் களவியல் உரை முச்சங்க வரலாற்றைக் கடல்கோளோடு பிணைக்கிறது. புகார் கடல்கொள்ளப்பட்டதை மணிமேகலை இந்திர விழா நின்றமையோடு சேர்த்துச் சொல்லுகிறது. ஓர் இலக்கியம் மீண்டும் மீண்டும் ஒரே நிகழ்வைக் கூறுமாயின் அதன்பின் மெய்யான பட்டறிவு ஒன்று இருத்தல் வேண்டும் என்பது ஏற்கத்தக்க கருத்தே.

ஆயின் அப்பட்டறிவு யாது? அடியார்க்கு நல்லார் எழுநூற்றுக் காவதம் பரந்த நாற்பத்தொன்பது நாடுகள் கடல்கொண்டன என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விலங்கியலார் பிலிப் சுகிளேட்டர் 1864இல் இலெமூர் என்னும் விலங்கின் பரவலை விளக்க இலெமூரியா என்னும் நிலப்பரப்பைக் கருதுகோளாகக் கூறினார். இருபதாம் நூற்றாண்டில் தமிழறிஞர் சிலர் இவ்விரண்டையும் இணைத்துக் குமரிக்கண்டம் என்றனர். 1912இல் வெகனர் கூறிய கண்டப் பெயர்ச்சியும், 1960களில் நிலைபெற்ற தட்டுக் கொள்கையும் இலெமூரியாவைத் தேவையற்றதாக்கின. குமரிமுனைக்குத் தெற்கே கடலின் தரை, கடல் நடுவே பிறந்த எரிமலைப் பாறையால் ஆனது. மக்கள் வாழ்ந்த பெருங்கண்டம் ஒன்று அங்கே மூழ்கியதற்குச் சான்று இல்லை.

இதனைக் கூறுவது தமிழின் தொன்மையைக் குறைப்பதாகாது. கடல் நிலத்தைக் கொள்ளும் வழிகள் பல உள. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியூழியில் கடல்மட்டம் இன்றினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று தமிழகமும் ஈழமும் ஒரே நிலம். பனி உருகக் கடல் உயர்ந்து அகன்ற கரையோரச் சமவெளிகளை மூழ்கடித்தது. புயல் வெள்ளம் கரையை அரித்தது. ஆழிப்பேரலை ஊர்களை ஒரு பொழுதில் அழித்தது. இவற்றின் நினைவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கடல்கோள் என்ற ஒரு சொல்லில் நின்றிருக்கலாம். இல்லாத கண்டத்துக்காக வாதிடுவதால் அச்சொல் பெருமையின் சின்னமாகிறது. அதிலிருந்த எச்சரிக்கை மறைந்துபோகிறது. இழந்த நாடுகளை எண்ணத் தெரிந்த தலைமுறைக்கு, கடல் திடீரெனப் பின்வாங்கினால் ஓட வேண்டும் என்று தெரியவில்லை.

ஒரு தீவின் பாட்டு

சுமத்ராவின் மேற்கே சிமெலுவே என்றொரு தீவு உண்டு. 2004ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் தோற்றிடத்துக்கு மிக அருகில் இருப்பது. பேரலை அங்கே சில நிமிடங்களில் சென்று சேர்ந்தது. எந்தக் கருவியும் அதற்குள் எச்சரித்திருக்க இயலாது. ஏறத்தாழ 78,000 மக்களுள் மாண்டோர் எழுவர் மட்டுமே. 1907இல் அத்தீவைப் பேரலை அழித்தது. தப்பியோர் அதற்குச் சுமோங் என்று பெயரிட்டு, பாட்டாகவும் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். நிலம் வலுவாக நடுங்கும், கடல் வற்றும், உடனே மேட்டுக்கு ஓடு என்பதே அதன் பொருள். ஏறத்தாழ நூறாண்டு கழித்து அச்சொல்லை ஒருவர் கூவ, ஊரே மலையேறிற்று.

கவிதை உயிர்காத்தது என்பதற்கு இதனினும் நேரான சான்று காண்பது அரிது. அப்பாட்டை இலக்கியத் திறனாய்வாளர் எவரும் பாராட்டவில்லை. அதன் ஆக்கியோர் பெயரும் தெரியாது. தாய்மார் நாவில் வாழ்ந்து தன் கடமையை அது செய்தது.

சிமெலுவேப் பாட்டை அப்படியே இங்கு பெயர்த்து நடவும் இயலாது. நம் கரைக்கும் அகழிக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் உள்ளது. நடுக்கம் இங்கே இலேசாகவே உணரப்படும், உணரப்படாமலும் போகலாம். கடல் பின்வாங்கிய பின்னரே அலை வரும் என்பதும் உறுதியன்று. முன்னறிகுறியின்றி நீர் ஏறவும் கூடும். முதல் அலையினும் அடுத்தவை பெரியனவாக வருதலும் உண்டு. ஆதலின் முதல் அலை வடிந்தவுடன் கரைக்குத் திரும்புதல் தீது. நமக்குள்ள நற்பேறு இரண்டு மணி நேரம் என்னும் இடைவெளி. ஐதராபாத்தில் 2007 அக்டோபரில் தொடங்கப்பெற்ற எச்சரிக்கை மையம் அந்த இடைவெளியைப் பயன்படுத்துகிறது. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் கடலடி அதிர்ந்தது. சென்னை மக்கள் தெருவுக்கு ஓடிவந்தனர், எச்சரிக்கையும் விடுக்கப்பெற்றது. ஆயினும் பேரலை எழவில்லை. அன்று தரை மேல்நோக்கி நிமிராமல் பக்கவாட்டில் வழுக்கியதே காரணம். வராத அலைக்கு ஓடியது வீண் என்று அடுத்த முறை மக்கள் நின்றுவிடாதிருக்க, இக்காரணமும் அவர்க்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

நிறைவாக

மையத்தின் செய்தி கருவி வழியே மாவட்டத் தலைமைக்கு வரும். அங்கிருந்து கோவளத்துக்கும், மாமல்லபுரத்துக் குப்பங்களுக்கும், கல்பாக்கத்தைச் சூழ்ந்த ஊர்களுக்கும் செல்லும். கடைசி வீட்டில், வலை பின்னும் கிழவரும் பள்ளி செல்லாத சிறுபிள்ளையும் அதனைக் கேட்டவுடன் எழுந்து ஓடுவதற்கு வேண்டியது முன்பே பழகிய ஒரு சொல், ஒரு பாட்டு. 2004ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவர் இன்று இளைஞராகிவிட்டனர். அவர்க்கு அந்நாள் கேள்விச் செய்தியே. இன்னும் இரு தலைமுறையில் அது மீண்டும் ஒரு பழங்கதையாகிவிடும். தட்டுகளோ ஒரு நாளும் நில்லாமல் நகர்ந்துகொண்டிருக்கும்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டம் பல நூறு கவிதைகளை அரங்கேற்றியிருக்கும். அதன் கவிஞர்கள் ஒரு பாட்டைக் கரையூர்ப் பிள்ளைகளுக்காகப் புனைந்து தர வேண்டும் என்பதே இவ்வுரையின் வேண்டுகோள். கும்மிக்கோ தாலாட்டுக்கோ ஏற்ற எளிய சந்தம் போதும். எச்சரிக்கை வந்தால் மேட்டுக்கு ஓடு, கடல் வற்றினால் வேடிக்கை பார்க்க நில்லாதே, முதல் அலைக்குப் பின் திரும்பாதே என்ற மூன்று செய்திகளும் பிழையின்றி அதில் அமைதல் வேண்டும். எழுதியவரின் பெயர் அதில் நிலைக்காது போகலாம். கோவளம் முதல் கல்பாக்கம் வரையுள்ள ஏதேனும் ஒரு குப்பத்தில் பிள்ளைகள் அதனைப் பாடி விளையாடுவாராயின், கடல்கோள் என்ற சொல் தன் பழைய பொருளை மீண்டும் பெற்றதாகும். இந்த விழாவுக்கு அதனினும் சிறந்த நினைவுப் பரிசு வேண்டுவதில்லை.